பிள்ளைகளின் சீனி வருத்தமும் ஓர் இரத்தப் பரிசோதனையும்

சீனி வருத்தம் என்றால் வயது சென்றவர்களுக்கு வருவது, குளிசையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் சமாளிக்கக் கூடியது என்பதே நமது கிராமங்களில் பரவலாக உள்ள எண்ணம். ஆனால் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கும் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைக்கும் வரக்கூடிய இன்னொரு வகைச் சீனி வருத்தம் உண்டு. அதற்குக் குளிசை உதவாது. இன்சுலின் ஊசியே மருந்து. அது கிடைக்காத பிள்ளை நாட்கணக்கில் அல்லது கிழமைக்கணக்கில் உயிரிழக்கும். இதனை முதலாம் வகை நீரிழிவு என்று வைத்தியர்கள் அழைக்கின்றனர்.

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வாழும் நமது விவசாயக் குடும்பங்கள் ஒரு முறையல்ல, பல முறை இடம்பெயர்ந்தவை. 1990இல் பெயர்ந்தோம். 2004இல் ஆழிப்பேரலை வந்தபோது பெயர்ந்தோம். 2006, 2007 ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பெயர்ந்தோம். ஒவ்வொரு முறையும் நெல்லையும் மாடுகளையும் மட்டுமா விட்டுவந்தோம்? கிளினிக் கொப்பி, பிள்ளையை அறிந்த வைத்தியர், மருந்தைக் குளிராக வைத்த இடம் ஆகியவற்றையும் விட்டுவந்தோம். இவ்வாறான நிலையில் உள்ள ஒரு குடும்பத்தில் பிள்ளைக்கு இந்நோய் கண்டால், பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி இதுதான்: “இந்த ஊசியை எப்போது நிறுத்தலாம்?”

இக்கேள்விக்கு விடை தேட உதவும் ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு. அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை விளங்கிக்கொள்வது பிள்ளையின் உயிரோடு தொடர்புடையது. எனவே அதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உடலில் நடப்பது என்ன?

இரைப்பைக்குப் பின்னால் சதையி என்னும் சுரப்பி உள்ளது. அதில் சிறு சிறு தீவுகள் போலக் கலக் கூட்டங்கள் இருப்பதை 1869இல் யேர்மன் மாணவரான பவுல் லங்கர்கான்சு கண்டறிந்தார். இத்தீவுகளில் உள்ள பீற்றா கலங்களே இன்சுலினை உண்டாக்குகின்றன. நாம் உண்ணும் சோறு குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. அந்தக் குளுக்கோசைத் தசையும் கொழுப்பும் எடுத்துப் பயன்படுத்துவதற்கு இன்சுலின் வேண்டும்.

முதலாம் வகை நீரிழிவில், நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை வழிதவறிச் சொந்தப் பீற்றா கலங்களையே தாக்கி அழிக்கிறது. பெற்றோர் இனிப்புக் கொடுத்ததனால் இது வருவதில்லை. பிள்ளை செய்த குற்றமுமன்று, செய்வினையுமன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை.

இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சீனி நிறைந்திருந்தும் உடல் பட்டினி கிடக்கிறது. மிகுந்த சீனி சலத்தோடு வெளியேறுகிறது. அதனால் பிள்ளை அடிக்கடி சலம் கழிக்கும். படுக்கையில் சலம் போவதை மறந்த பிள்ளை மீண்டும் படுக்கையை நனைக்கும். சலம் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதும் உண்டு. தாகம் அடங்காது. நன்றாகச் சாப்பிட்டும் மெலியும். எந்நேரமும் சோர்ந்திருக்கும். இதனைக் கவனியாது விட்டால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, இரத்தம் அமிலத்தன்மை அடையும். அப்போது வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, பழுத்த பழம் போன்ற வாய்மணம் என்பன தோன்றும். அடுத்தது மயக்கம். வாந்தியையும் வயிற்றுவலியையும் பூச்சி என்றும், மூச்சிளைப்பைச் சளிக்காய்ச்சல் என்றும் எண்ணி நாட்களைக் கடத்துவதால்தான் பல பிள்ளைகள் பிந்தி வைத்தியசாலைக்கு வருகின்றனர்.

இவ்வறிகுறிகள் உள்ள பிள்ளையின் இரத்தத்தில் எந்நேரத்திலேனும் ஒரு டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ சீனி இருந்தால் அது நீரிழிவே. விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சில வினாடிகளில் சீனியின் அளவைப் பார்த்துவிடலாம். இதற்கு வேறு பெரிய பரிசோதனைகள் தேவையில்லை. அவற்றுக்காகக் காத்திருந்து ஊசியைத் தாமதிக்கவும் கூடாது.

1922ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு மீட்சியே இருக்கவில்லை. அந்த ஆண்டு சனவரி 11ஆம் நாள் கனடாவின் ரொறன்ரோ நகரில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. மருந்து போதிய தூய்மை பெறாததால் முதல் ஊசி நன்கு பயன் தரவில்லை. சில நாட்களின் பின் தூய்மையாக்கிய மருந்து கொடுக்கப்பட்டபோது அவன் தேறினான். சாவின் விளிம்பில் இருந்த அச்சிறுவன் பின்னர் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

உமியும் அரிசியும்

ஊசி போடும் பிள்ளையின் சதையி தானும் இன்னும் கொஞ்சம் இன்சுலினை உண்டாக்குகிறதா? இதனை எவ்வாறு அறிவது? இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளந்தால், ஊசியால் வந்தது எது, உடலில் சுரந்தது எது என்று பிரித்தறிவது கடினம்.

இச்சிக்கலைத் தீர்க்க உதவியது அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் தொனால்ட் சுரைனர் 1967இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. பீற்றா கலம் இன்சுலினை நேரடியாக உண்டாக்குவதில்லை. முதலில் நீண்ட ஒரு புரதத்தை உண்டாக்கி, பின்னர் அதை வெட்டுகிறது. வெட்டும்போது ஒரு பங்கு இன்சுலினும், அதனோடு இணைந்திருந்த ஒரு துண்டும் கிடைக்கின்றன. 31 அமினோ அமிலங்களால் ஆன அத்துண்டுக்குச் சி-பெப்ரைட்டு என்று பெயர். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டும் சேர்ந்தே இரத்தத்தில் இறங்குகின்றன.

நெல் குற்றுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வீட்டில் நெல்லைக் குற்றினால் அரிசியும் வரும், உமியும் வரும். கடையில் அரிசி வாங்கினால் உமி வராது. ஒரு வீட்டுப் பானையில் இருக்கும் அரிசி வீட்டில் குற்றியதா, கடையில் வாங்கியதா என்று அரிசியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் கொல்லையில் கிடக்கும் உமிக்குவியலைப் பார்த்தால், அந்த வீட்டில் எவ்வளவு நெல் குற்றப்பட்டது என்று சொல்லிவிடலாம். இன்சுலின் அரிசி போன்றது. சி-பெப்ரைட்டு உமி போன்றது. ஊசி மருந்து கடையரிசி. அதில் சி-பெப்ரைட்டு இல்லை. ஆகவே பிள்ளையின் இரத்தத்தில் எவ்வளவு சி-பெப்ரைட்டு உண்டோ, அந்த அளவுக்குப் பிள்ளையின் சொந்தச் சதையி வேலை செய்கிறது என்பது பொருள்.

இன்னொரு வசதியும் உண்டு. இன்சுலின் சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அதில் பெரும்பங்கை ஈரல் முதலிலேயே பிடித்துக்கொள்ளும். சி-பெப்ரைட்டோ அரைமணி நேரம் அளவில் நின்று, சிறுநீரகத்தின் வழியே மெல்ல வெளியேறும். அதனால் அளப்பது எளிது. சலத்திலும் அதனை அளக்கலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மட்டும் இந்த அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

பொதுவாக, உணவு உண்ட பின் எடுத்த இரத்தத்தில் சி-பெப்ரைட்டு ஒரு லீற்றருக்கு 200 பிக்கோமோலுக்குக் குறைவாக இருந்தால், சொந்தச் சுரப்பு பெரிதும் குன்றிவிட்டது என்று கொள்வர். நோய் கண்டு சில ஆண்டுகள் சென்ற பின்னரும் 600க்கு மேல் இருந்தால், இது உண்மையில் முதலாம் வகைதானா என்று வைத்தியர் மீண்டும் யோசிப்பார். நோய் கண்ட முதற் கிழமைகளில், மிகுந்த சீனியால் பீற்றா கலங்கள் களைத்துப்போயிருப்பதால் இந்த அளவு தற்காலிகமாகக் குறைந்து காட்டக்கூடும். ஆகவே எப்போது பரிசோதிப்பது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

தேறியது போன்ற தோற்றம்

இனித்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வருகிறது.

ஊசி தொடங்கிச் சில கிழமைகளில் பல பிள்ளைகள் வியக்கத்தக்க விதமாகத் தேறுகின்றனர். உடம்பு வைக்கிறது. விளையாடத் தொடங்குகின்றனர். தேவைப்படும் மருந்தின் அளவும் குறைந்துகொண்டே போகிறது. முன்பு போட்ட அளவைப் போட்டால் சீனி அளவுக்கு மிஞ்சிக் குறைந்து, பிள்ளை வியர்த்து நடுங்குகிறது. வைத்தியர் மருந்தைக் குறைக்கிறார். இதனை வைத்தியர்கள் தேனிலவுக் காலம் என்பர். சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ நீடிக்கும். சிலருக்கு இது வருவதேயில்லை.

இக்காலத்தில் நடப்பதைச் சி-பெப்ரைட்டு தெளிவாகக் காட்டுகிறது. அழிந்தவை போக மிஞ்சிய பீற்றா கலங்கள், ஊசி மருந்து பாரத்தைச் சுமப்பதால் சற்று இளைப்பாறி, மீண்டும் சுரக்கின்றன. சி-பெப்ரைட்டு உயர்கிறது. ஆனால் தாக்குதல் நின்றுவிடவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அதே சி-பெப்ரைட்டு இறங்கத் தொடங்கும். சிறு வயதில் நோய் கண்ட பிள்ளைகளுக்கு இது விரைவாக இறங்கும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஒன்பது வயது மகள். ஊசி தொடங்கி மூன்று மாதம். பிள்ளை நன்றாக இருக்கிறாள். மருந்தும் குறைந்துவிட்டது. இந்நேரத்தில் உறவினர் ஒருவர் நாட்டு மருந்து கொடுக்கிறார். அல்லது பாட்டி ஒரு நேர்த்திக்கடன் வைக்கிறார். அடுத்த கிழமை சீனி இன்னும் குறைகிறது. “சுகமாகிவிட்டது, இனி ஊசி எதற்கு?” என்று வீட்டார் நினைத்தால் அதில் வியப்பில்லை. கூலி வேலையை விட்டு, பஸ் பிடித்து, பட்டணத்துக் கிளினிக்குக்குப் போய்வரும் சிரமமும் அந்த நினைப்புக்கு வலுச் சேர்க்கும். ஆனால் ஊசியை நிறுத்திய பிள்ளை, மிஞ்சிய சுரப்பும் வற்றும் நாளில், அல்லது ஒரு சாதாரணக் காய்ச்சலிலேயே, மயங்கி விழும். தேறியது மருந்தாலோ நேர்த்தியாலோ அல்ல. நோயின் இயல்பான போக்கே அது. மன்றாடுவதை நாம் தடுப்பவர்களல்லர். மன்றாட்டும் ஊசியும் சேர்ந்தே நடக்கட்டும்.

மருந்தைக் குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. குறைப்பது வைத்தியர் அளந்து செய்வது. நிறுத்துவது பிள்ளையைக் கைவிடுவது.

அப்படியானால் மிஞ்சிய சுரப்பினால் பயன் இல்லையா? உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1441 நோயாளருடன் நடந்த பெரிய ஆய்வில், ஓரளவு சி-பெப்ரைட்டு மிஞ்சியிருந்தவர்களுக்குக் கண் பாதிப்பும், சீனி ஆபத்தான அளவுக்கு விழுவதும் குறைவாக இருந்தன. 50 ஆண்டுகளுக்கு மேல் ஊசி போட்டு வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இன்னமும் சிறிதளவு சி-பெப்ரைட்டு இருந்தது. ஆனால் அவர்கள் எவரும் அதை நம்பி ஊசியை நிறுத்தவில்லை. மிஞ்சிய கலங்கள் விதைநெல் போன்றவை. ஒரு வீட்டின் ஆண்டுச் சோற்றுக்கு அவை போதா.

எல்லாம் ஒரே வகையன்று

இப்பரிசோதனை இன்னொரு வழியிலும் உதவுகிறது. இளவயதில் வரும் நீரிழிவு எல்லாம் முதலாம் வகை அல்ல. இதனை நமக்கு அருகில், தமிழ்நாட்டில் செய்த ஆய்வுகளே நன்கு காட்டின.

சென்னையில் வைத்தியர்கள் மு. விசுவநாதன், வி. மோகன், அ. இராமச்சந்திரன், ஆய்வாளர் சினேகலதா ஆகியோர், சதையியில் கல் உண்டாகி அதனால் நீரிழிவு கண்டவர்களின் சி-பெப்ரைட்டை அளந்து 1983இல் முடிவுகளை வெளியிட்டனர். மெலிந்த, பெரும்பாலும் வறிய குடும்பங்களைச் சேர்ந்த இந்நோயாளருக்குச் சீனி மிக உயர்ந்திருந்தும் இரத்தம் அமிலத்தன்மை அடைவது அரிதாக இருந்தது. காரணம், அவர்களிடம் சி-பெப்ரைட்டு குறைந்திருந்தாலும் முற்றாக வற்றவில்லை. மரவள்ளிக் கிழங்கே இந்நோய்க்குக் காரணம் என்று ஒரு காலத்தில் சந்தேகிக்கப்பட்டது. அது நிரூபிக்கப்படவில்லை. எனவே நன்றாக அவித்த கிழங்கை உண்ண அஞ்ச வேண்டியதில்லை.

நீண்டகாலப் போசாக்கின்மையோடு தொடர்புடைய நீரிழிவை உலக சுகாதார நிறுவனம் 1985இல் தனி வகையாக ஏற்று, 1999இல் அப்பட்டியலிலிருந்து நீக்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க ஆய்வாளரும் இணைந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, மெலிந்த உடல் கொண்ட இத்தகைய நோயாளரிடம் இன்சுலின் சுரப்புக் குறைந்திருந்தாலும், முதலாம் வகையினரைப் போல் அற்றுப்போகவில்லை என்று காட்டியது. 2025இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதற்கு ஐந்தாம் வகை நீரிழிவு என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. பசியோடு வளர்ந்த பிள்ளைகள் உள்ள சமூகங்களுக்கு இது சிறிய செய்தியன்று.

பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு காணும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பரம்பரை அலகில் ஏற்பட்ட ஒரு மாற்றமே காரணம். அவர்களிற் சிலர் ஊசியிலிருந்து குளிசைக்கு மாறலாம் என்பது 2004க்குப் பின் கண்டறியப்பட்டது. அதனையும் தகுந்த பரிசோதனைகளின் பின் வைத்தியசாலையில் வைத்தே மாற்ற வேண்டும்.

சி-பெப்ரைட்டோடு சேர்த்துப் பார்க்கும் இன்னொரு பரிசோதனை பிறபொருளெதிரிகளைப் பற்றியது. பீற்றா கலங்கள் தாக்கப்படும்போது இரத்தத்தில் சில பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன. 1974இல் முதன்முதல் இனங்காணப்பட்ட இவை, நோய் வெளிப்படப் பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் முன்னரே காணப்படலாம். உமி எவ்வளவு நெல் குற்றினோம் என்று சொல்கிறது. பிறபொருளெதிரியோ களஞ்சியத்துக்குள் எலி புகுந்துவிட்டது என்று சொல்கிறது. எலி புகுந்ததை முன்கூட்டி அறிந்தவர்களுக்கு, நோய் வெளிப்படுவதைச் சராசரி இரண்டு ஆண்டுகள் அளவில் பிற்போடும் தெப்பிலிசுமப் என்ற மருந்தை 2022இல் அமெரிக்கா அங்கீகரித்தது. விலையோ மிக மிக அதிகம். நமது பிள்ளைகளுக்கு இன்று கைக்கெட்டும் மருந்து இன்சுலினே. அது நமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது.

பெயர்ந்த இடத்தில் ஊசி மருந்து

சங்காய் நகரில் அகதியாக வாழ்ந்த ஏவா சக்சில் என்ற இளம்பெண்ணின் வரலாறு நமக்கு உரியது. ஐரோப்பாவிலிருந்து நாசிகளுக்குத் தப்பி வந்த அவருக்கு அங்கே நீரிழிவு கண்டது. 1941 திசெம்பரில் போர் அந்நகரை மூடியபின் இன்சுலின் கிடைக்கவில்லை. அவரும் கணவரும் ஒரு புத்தகத்தைப் பார்த்து, எருமையின் சதையியிலிருந்து இன்சுலினைத் தயாரித்து, முயல்களிற் சோதித்து, பின்னர் பயன்படுத்தினர். மற்ற நோயாளருக்கும் கொடுத்தனர். ஏவா 2002 வரை வாழ்ந்தார். நாம் எருமையைத் தேட வேண்டியதில்லை. ஆயினும் மருந்து இல்லாமல் ஒரு நாளும் இருக்கக் கூடாது என்ற அவரது உறுதி நமக்கும் வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லையே என்று கலங்க வேண்டாம். வட கென்யாவின் தகாலே அகதி முகாமில் வீடுகளின் வெப்பம் 25 முதல் 37 பாகை வரை மாறுவதை அளந்து, அதே நிலையில் இன்சுலினை நான்கு கிழமைகள் வைத்துச் சோதித்தனர். எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் செனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட அம்முடிவின்படி, மருந்தின் வலு குன்றவில்லை. ஈர மணலில் அமர்த்திய மண்முட்டி மருந்தை இன்னும் குளிராக வைத்திருக்கும். மருந்துப் போத்தலைத் தண்ணீர் புகாத உறையில் இட்டு முட்டிக்குள் வையுங்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். ஐஸ் கட்டியோடு நேரே வைத்து உறையவும் விடாதீர்கள். உறைந்த மருந்து கெட்ட மருந்து.

பெற்றோர் மனதில் வைக்க வேண்டியவை

1. தாகம், அடிக்கடி சலம், மெலிவு, சோர்வு ஆகியவை பிள்ளையிடம் காணப்பட்டால் அன்றே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று, “சீனி பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

2. பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஊசியை நிறுத்தாதீர்கள். சி-பெப்ரைட்டு இருக்கிறது என்று அறிக்கை வந்தாலும் நிறுத்தாதீர்கள்.

3. காய்ச்சலோ வாந்தியோ வந்து பிள்ளை உண்ணாத நாளிலும் இன்சுலின் வேண்டும். அளவை மட்டும் வைத்தியரிடம் கேளுங்கள்.

4. பிள்ளை வியர்த்து, நடுங்கி, தடுமாறினால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாது வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

5. சி-பெப்ரைட்டுப் பரிசோதனையைத் தனியார் ஆய்வுகூடத்தில் நீங்களாகவே செய்விக்கக் கடன்பட வேண்டாம். அது தேவையா, எப்போது தேவை என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள். அந்தப் பணம் சீனி பார்க்கும் கருவிக்கும் அதன் பட்டிகளுக்கும் உதவும்.

6. மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையோடு வையுங்கள். பிள்ளைக்கும் மனப்பாடம் செய்வியுங்கள். எங்கு பெயர்ந்தாலும் அந்தத் தாள் உங்களோடு வரட்டும்.

7. வகுப்பாசிரியரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் நோயைக் கலியாணத்தை எண்ணி மறைக்கின்றனர். மறைக்கப்பட்ட நோய்க்கு நேரத்துக்கு ஊசி போட முடியாது.

முதலாம் வகை நீரிழிவு கண்ட பிள்ளை படிக்கலாம், விளையாடலாம், வயலில் இறங்கலாம், மணம்முடித்துப் பிள்ளை பெறலாம். அதற்கு அன்றாடம் ஊசியும், அதைத் தவறாது போடும் ஒரு வீடும், அந்த வீட்டுக்குத் துணைநிற்கும் ஓர் ஊரும் வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கிளினிக் நாள் வரும்போது, அதன் தாயின் அன்றைய வயல் வேலையை நம்மில் ஒருவர் பொறுப்பெடுத்தால் அதுவும் மருந்தின் ஒரு பகுதியே.